கூட்டத்திலிருந்து நிறுவனத்திற்கு: வ.உ.சிதம்பரனாரின் பொதுவாழ்வில் மக்கள் பங்கேற்பும் தொடர்பணியும்

ஆய்வுச் சுருக்கம்

வ.உ.சிதம்பரனார் (1872–1936) கப்பலோட்டிய தமிழர், செக்கிழுத்த செம்மல் என்னும் பெயர்களால் பெரிதும் அறியப்படுகிறார். அவருடைய தியாகத்தையும் சொல்லாற்றலையும் விரித்துரைத்த வரலாறுகள் பலவாக உள்ளன. பொதுக்கூட்டங்களில் எழுந்த மக்கள் உணர்வை நிறுவனமாகவும் உடன்படிக்கையாகவும் மாற்ற அவர் கையாண்ட செயல்முறை தனித்து ஆராயப்படுதல் வேண்டும். சுதேசிக் கப்பல் நிறுவனம், கோரல் ஆலை வேலைநிறுத்தம், சிறைமீண்ட பிந்தைய வாழ்வு, பதிப்புப் பணி ஆகியவற்றை நிரல்பட நோக்கி, கூட்டத்தின் முடிவு கூட்டத்திற்குப் பின் எவ்வாறு உயிர்பெறுகிறது, எவ்வாறு உயிரிழக்கிறது என்பதை அவர் வாழ்க்கை வழியாக இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: வ.உ.சிதம்பரனார், கரிசல் வட்டாரம், சுதேசிக் கப்பல் நிறுவனம், கோரல் ஆலை, மக்கள் பங்கேற்பு, தொடர்பணி.

முன்னுரை

ஓர் அமைப்பில் மாற்றம் நிகழவேண்டுமாயின், அம்மாற்றத்தால் பாதிக்கப்படுவோரே அதனைத் தீர்மானிப்பதில் பங்குகொள்ள வேண்டும் என்பது இருபதாம் நூற்றாண்டின் நிறுவனவியல் ஆய்வுகள் கண்ட முடிவுகளுள் ஒன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உளவியலறிஞர் கர்ட் லெவின் அமெரிக்காவில் நடத்திய உணவுப்பழக்க ஆய்வு இதற்குத் தொடக்கமாகச் சுட்டப்பெறும். வழக்கத்தில் இல்லாத இறைச்சிவகைகளைச் சமைக்குமாறு விரிவுரை கேட்ட இல்லத்தரசியருள் நூற்றுக்கு 3 பேரே அவ்வாறு செய்தனர். தமக்குள் கலந்துபேசித் தாமே முடிவெடுத்த குழுவினருள் நூற்றுக்கு 32 பேர் செய்தனர். கலந்துபேசிய குழுவினருக்குப் பின்னர் வந்து விசாரிக்கப்படும் என்பதும் முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருந்தது. எனவே, கேட்டல், கூடி முடிவெடுத்தல், முடிவைப் பின்தொடர்தல் ஆகிய மூன்றும் வேறுவேறு செயல்கள் என்பது பெறப்படுகிறது.

இக்கோட்பாடுகள் உருவாவதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முன்னரே தூத்துக்குடிக் கடற்கரையில் இம்மூன்று செயல்களும் ஒருவரால் நடத்தப்பெற்றன. அவற்றுள் ஒன்று வென்றது, மற்றொன்று தோற்றது. இரண்டிற்கும் முதல்வராக இருந்தவர் ஒருவரே. ஆதலின், வெற்றிக்கும் தோல்விக்குமான காரணத்தைத் தலைவரின் ஆற்றலில் மட்டும் தேடுதல் பொருந்தாது. அமைப்பின் இயல்பிலும் தேடவேண்டும். அத்தேடலுக்கு வ.உ.சி.யின் வாழ்க்கை நிறைந்த சான்றாக அமைகிறது.

கரிசல் நிலமும் இளமையும்

ஒட்டப்பிடாரம், குளத்தூர், விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி எனத் தொடரும் நிலப்பரப்பு கரிசல் மண்ணால் ஆனது. வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி வேளாண்மையே இதன் அடிப்படை. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மல்லி ஆகியன இங்கு விளைவன. மழை பொய்த்தால் ஊரே பொய்க்கும். இந்நிலத்தின் பருத்தி தூத்துக்குடித் துறைமுகத்திற்குச் சென்று, அங்கிருந்து கப்பலேறியது. 1876இல் மணியாச்சி – தூத்துக்குடி இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் இப்போக்குவரத்து மேலும் பெருகியது. கரிசல் உழவரின் விளைச்சலும் ஆலைத் தொழிலாளரின் உழைப்பும் கப்பல் முதலாளியரின் கட்டணமும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாக இருந்தன. வ.உ.சி.யின் பிற்காலச் செயல்கள் இச்சங்கிலியின் வெவ்வேறு கண்ணிகளைப் பற்றியவை என்பதை நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மைக்கும் மகனாகச் சிதம்பரம் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். ஊரில் வீரப்பெருமாள் அண்ணாவியிடம் தமிழ் கற்றார். தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் ஆங்கிலக் கல்வி பயின்றார். சிறிது காலம் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்து, பின்னர்த் திருச்சிராப்பள்ளியில் சட்டம் பயின்றார். 1894இல் பிளீடர் தேர்வில் தேறி ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கினார்.

வழக்கறிஞராகச் சிதம்பரனார் ஏழைகளின் வழக்குகளைக் கட்டணம் நோக்காது நடத்தினார். காவல்துறையினரும் சார்நிலை நடுவர்களும் முறைதவறிய இடங்களில் அவர்களை எதிர்த்து நின்றார். இதனால் விளைந்த பகைமை தந்தையாரைக் கவலைக்குள்ளாக்கியது. அவர் விருப்பப்படி 1900இல் தூத்துக்குடிக்குத் தொழிலை மாற்றிக்கொண்டார். சான்றுகளைத் திரட்டுதல், வாக்குறுதியை எழுத்தில் பெறுதல், வாய்தா தோறும் வழக்கைத் தொடர்தல் ஆகியன வழக்கறிஞர் தொழிலின் அன்றாடக் கடமைகள். ஒரு முடிவு நிறைவேறும்வரை அதனை விடாது பற்றும் இயல்பு அவர் பொதுவாழ்வில் பின்னர் வெளிப்பட்டதற்கு இத்தொழிற்பயிற்சியும் துணைநின்றது எனக் கருத இடமுண்டு.

சுதேசியமும் நிறுவனங்களும்

1905இல் நிகழ்ந்த வங்கப் பிரிவினை நாடெங்கும் சுதேசி இயக்கத்தைத் தூண்டியது. பல ஊர்களில் அது அந்நியத் துணியை எரிப்பதோடும் சூளுரையோடும் நின்றது. தூத்துக்குடியில் அது வேறு வடிவம் கொண்டது. சுதேசிப் பிரசார சபை, தரும சங்க நெசவுச்சாலை, சுதேசியப் பண்டகசாலை, சென்னை விவசாயக் கைத்தொழிற் சங்கம் என அடுத்தடுத்து அமைப்புகளை வ.உ.சி. தோற்றுவித்தார். அந்நியப் பொருளை விலக்குமாறு கூட்டத்தில் கேட்டுக்கொண்டால், அதற்கு ஈடான உள்நாட்டுப் பொருள் எங்கே கிடைக்கும் என்னும் வினாவுக்கும் விடை சொல்லியாக வேண்டும். நெசவுச்சாலையும் பண்டகசாலையும் அவ்வினாவுக்கு அவர் அளித்த விடைகள். பேச்சைத் தொடர்ந்து ஒரு கட்டடமும் ஒரு கணக்கேடும் தோன்றவேண்டும் என்பதே அவர் கண்ட நெறி எனலாம்.

இந்நெறியின் பெரிய வெளிப்பாடு கப்பல் நிறுவனம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கடல் வாணிகம் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் நிறுவனத்தின் கையில் இருந்தது. உள்ளூர் வணிகர்கள் பம்பாயின் ஷா லைன் நிறுவனத்திடம் வாடகைக்குக் கப்பல் பெற்று நடத்த முயன்றனர். போட்டி நிறுவனத்தின் நெருக்கடியால் அவ்வாடகை ஏற்பாடு நிலைக்கவில்லை. கொழும்பிலிருந்து தற்காலிகமாக ஒரு கப்பலை அமர்த்திய வ.உ.சி., சொந்தக் கப்பல் இன்றி இம்முயற்சி நிற்காது என்பதை உணர்ந்தார்.

1906 அக்டோபர் 16ஆம் நாள் சுதேசிக் கப்பல் நிறுவனம் பதிவுசெய்யப்பட்டது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். அது 25 ரூபாய் மதிப்புடைய 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. இந்தியர், இலங்கையர், பிற ஆசிய நாட்டினர் ஆகியோர் பங்கு வாங்கலாம் என விதி அமைந்தது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901இல் நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 இலட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகளை வாங்கினார். பெருஞ்செல்வர் ஒருவர் ஐந்தில் ஒரு பங்கை ஏற்றபோதிலும், 25 ரூபாய் என்னும் பங்குமதிப்பு நடுத்தர வணிகரும் வழக்கறிஞரும் பங்கேற்க வழிசெய்தது. வ.உ.சி. துணைச் செயலாளராகப் பொறுப்பேற்று, பம்பாய் முதலிய இடங்களுக்குச் சென்று பங்குகளை விற்றார். கப்பலின்றித் திரும்புவதில்லை என உறுதிபூண்டு சென்றார். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்தன. பொதுமேடைகளில் பேசப்பட்டுவந்த ஒரு கருத்து ஓராண்டுக்குள் கடலில் மிதந்தது.

போட்டி நிறுவனம் பயணக் கட்டணத்தை மிகக் குறைத்தது. கட்டணமே இன்றி ஏற்றிச்செல்லவும் முன்வந்தது. பெருமுதலும் அரசின் ஆதரவும் உடைய நிறுவனம் இழப்பைத் தாங்கவல்லது. சுதேசி நிறுவனம் பயணிகளின் பற்றையும் வணிகர்களின் உறுதியையும் மட்டுமே நம்பி நின்றது. அப்பற்றைக் குன்றாமற் காக்க நாள்தோறும் மக்களிடையே பேசுதல் இன்றியமையாததாயிற்று. இதனால் வாணிகமும் அரசியலும் பிரிக்கமுடியாதவாறு பிணைந்தன. இப்பிணைப்பு இயக்குநர்களுள் ஒருசாராருக்கு உவப்பாக இல்லை. அரசின் சினத்திற்கு ஆளாகாது வாணிகம் செய்ய அவர்கள் விரும்பினர். அரசியல் இன்றி இவ்வாணிகத்திற்கு உயிர் இல்லை என்பது வ.உ.சி.யின் நிலை. இக்கருத்து வேற்றுமை தீர்க்கப்படாமலே இருந்தது. அது பின்விளைவுகளை உடையதாயிற்று.

கடற்கரைக் கூட்டங்களும் கோரல் ஆலை வேலைநிறுத்தமும்

1907 டிசம்பரில் சூரத்தில் கூடிய காங்கிரசில் மிதவாதிகளும் தீவிரவாதிகளும் பிளவுற்றனர். திலகர் அணியைச் சார்ந்து திரும்பிய வ.உ.சி.யுடன் 1908 தொடக்கத்தில் சுப்பிரமணிய சிவா இணைந்தார். பிப்ரவரி மாதம் முழுதும் தூத்துக்குடிக் கடற்கரையில் கூட்டங்கள் நிகழ்ந்தன. ஆலைத் தொழிலாளர், வண்டியோட்டுவோர், சிறுவணிகர், நாவிதர், சலவைத் தொழிலாளர் எனப் பலதரப்பினரும் மாலைதோறும் கூடினர்.

ஆர்வி நிறுவனத்தார் நிர்வாகத்தில் இருந்த கோரல் நூற்பாலையில் கூலி குறைவு, வேலைநேரம் மிகுதி, வார விடுமுறை இல்லை. பிப்ரவரி 23ஆம் நாள் வ.உ.சி. இத்தொழிலாளரின் நிலை குறித்துப் பேசினார். நான்கு நாள்களுக்குப்பின், 27ஆம் நாள், தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். கூலி உயர்வு, வார விடுமுறை, பிற விடுப்பு வசதிகள் ஆகியன கோரிக்கைகளாக வைக்கப்பட்டன. பேச்சுக்கும் வேலைநிறுத்தத்திற்கும் இடைப்பட்ட அந்நான்கு நாள்கள் கருதத்தக்கவை. வெளியிலிருந்து வந்த அறைகூவல் தொழிலாளரின் சொந்தக் கோரிக்கைகளாக உருப்பெற்ற இடைவெளி அது.

வேலைநிறுத்தம் தொடங்கியபின் மூன்று பணிகள் ஒருங்கே நடந்தன. முதலாவது, கூட்டம் நாள்தோறும் கூட்டப்பட்டது. அன்றன்றைய நிலையைத் தொழிலாளர் அனைவரும் அறிந்தனர். வதந்திக்கு இடமில்லாது போயிற்று. இரண்டாவது, நகரத்தாரிடம் நிதி திரட்டப்பட்டது. கூலியின்றி வாழும் குடும்பங்களுக்கு உணவுக்கு வழிசெய்யப்பட்டது. சிலருக்கு வேறு வேலை தேடித்தரப்பட்டது. மூன்றாவது, நகரத்தின் பிற தொழிலாளரும் வணிகரும் தத்தம் வழியில் துணைநின்றனர். தொழிலாளரைப் பழித்தவர்க்கு நாவிதர் சவரம் செய்ய மறுத்த செய்தி அக்காலத் தூத்துக்குடியின் ஒருமைப்பாட்டைக் காட்டுகிறது.

மார்ச் 6ஆம் நாள் ஆலையின் சார்பில் தலைமை எழுத்தர் வ.உ.சி.யைக் கண்டு, கோரிக்கைகளை ஏற்க நிர்வாகம் இசைவதாகத் தெரிவித்தார். வ.உ.சி. தனித்துச் சென்று பேசியிருந்தாலும் உடன்பாடு கிடைத்திருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை. தொழிலாளருள் ஐம்பதின்மரை உடனழைத்துச் சென்றே மேலாளர்களைக் கண்டார். கூலி உயர்வு, வேலைநேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை ஆகியவற்றுக்கு நிர்வாகம் உடன்பட்டது. ஒன்பது நாள்களில் வேலைநிறுத்தம் வெற்றியுடன் முடிந்தது.

அந்த ஐம்பதின்மர் உடனிருந்தமை இவ்வாய்வின் நோக்கில் முதன்மையானது. உடன்பாட்டின் சொற்கள் தொழிலாளரின் காதிலேயே விழுந்தன. மறுநாள் ஆலைக்குள் நுழையும்போது, என்ன ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதை எடுத்துச்சொல்லவும், மீறப்பட்டால் கேட்கவும் உள்ளேயே ஐம்பது சாட்சிகள் இருந்தனர். வெளியே நிற்கும் தலைவரால் ஆலைக்குள் நடப்பதைக் கண்காணிக்க இயலாது. கண்காணிக்கும் பொறுப்பை உள்ளிருப்போரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடாக அச்சந்திப்பு அமைந்தது. இவ்வெற்றியின் விளைவாகத் தூத்துக்குடியின் பிற ஐரோப்பிய நிறுவனங்களும் தம் தொழிலாளருக்குக் கூலியை உயர்த்தின. அரவிந்தரின் வந்தே மாதரம் இதழ் இப்போராட்டத்தைப் பாராட்டியது.

கைதும் மக்கள் எதிர்வினையும்

விபின் சந்திர பாலர் சிறையிலிருந்து விடுதலையான மார்ச் 9ஆம் நாளைக் கொண்டாட வ.உ.சி.யும் சிவாவும் முற்பட்டனர். மாவட்ட ஆட்சியர் விஞ்ச் இதனை விரும்பவில்லை. மாவட்டத்தைவிட்டு வெளியேறவும் நன்னடத்தைப் பிணை அளிக்கவும் இருவரும் மறுத்தனர். மார்ச் 12ஆம் நாள் வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் ஆகியோர் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர். அரசு அலுவலகங்கள் தாக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். தூத்துக்குடியில் கடைகள் அடைக்கப்பட்டன. கோரல் ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர்.

இவ்விரண்டாம் வேலைநிறுத்தத்தில் கூலிக்கோரிக்கை இல்லை. வழிநடத்தத் தலைவரும் இல்லை. அரசியற் காரணத்திற்காகத் தொழிலாளர் தாமே மேற்கொண்ட செயல் அது. திலகருக்கு ஆறாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டபோது பம்பாய் ஆலைத் தொழிலாளர் 1908 ஜூலையில் ஆறு நாள்கள் வேலைநிறுத்தம் செய்தமை இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் பெரிதும் பேசப்படுவது. அதற்கு நான்கு மாதம் முன்னரே தூத்துக்குடியில் அத்தகைய செயல் நிகழ்ந்துவிட்டது. முந்தைய வேலைநிறுத்தத்தில் பெற்ற பங்கேற்புப் பயிற்சி இதற்கு அடிப்படையாக இருந்தது எனல் பொருந்தும்.

1908 ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனைக்காலம் ஆறாண்டாகக் குறைக்கப்பட்டது. வ.உ.சி. கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் அடைக்கப்பட்டார். கோயம்புத்தூரில் செக்கிழுக்கும் கொடுமைக்கு ஆளானார்.

தலைவர் சிறைப்பட்டபின் கப்பல் நிறுவனத்தின் நிலை என்ன? ஆலைத் தொழிலாளரைப் போல அதன் பங்குதாரர் எழவில்லை. இயக்குநர்கள் அடக்குமுறைக்கு அஞ்சினர். வணிகர் ஆதரவு தேய்ந்தது. 1911இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. கப்பல் விற்கப்பட்ட செய்தி சிறையிலிருந்த வ.உ.சி.யின் உள்ளத்தைப் பெரிதும் வருத்தியது. அவ்வாண்டு ஜூன் 17ஆம் நாள், முன்னர்த் தூத்துக்குடியில் சார் ஆட்சியராக இருந்து இவ்வியக்கத்தை ஒடுக்கிய ஆஷ், மணியாச்சி நிலையத்தில் வாஞ்சிநாதனால் சுடப்பட்டார். திறந்த கூட்டங்கள் அடைக்கப்பட்ட இடத்தில் மறைவியக்கம் தலையெடுத்தது.

இரு முயற்சிகளின் ஒப்பீடு

வேலைநிறுத்தமும் கப்பல் நிறுவனமும் ஒரே ஊரில், ஒரே காலப்பகுதியில், ஒரே தலைவரால் நடத்தப்பெற்றவை. எனினும் பங்கேற்பின் தன்மை இரண்டிலும் வேறானது. ஆலைத் தொழிலாளர் நாள்தோறும் ஓரிடத்தில் கூடினர், ஒருவரையொருவர் அறிந்திருந்தனர், முடிவின் பயனும் இழப்பும் அவர்தம் அன்றாட உணவைத் தொட்டன. கப்பல் நிறுவனத்தின் பங்குதாரர் பல ஊர்களில் சிதறியிருந்தனர். பணம் கொடுத்ததோடு அவர்தம் பங்கேற்பு முடிந்தது. முடிவெடுக்கும் இடத்தில் இயக்குநர் சிலரே இருந்தனர். பங்குதாரருக்கும் நிறுவனத்திற்கும் இடையே இருந்த உயிருள்ள தொடர்பு வ.உ.சி. என்னும் ஒரு மனிதர். அவர் அகற்றப்பட்டதும் தொடர்பு அறுந்தது.

போட்டி நிறுவனத்தின் கட்டணக் குறைப்பும் அரசின் அடக்குமுறையும் கப்பல் நிறுவனத்தின் வீழ்ச்சிக்கு வலிமையான காரணங்கள் என்பதில் ஐயமில்லை. எத்துணைச் சீரிய அமைப்பும் அவற்றின்முன் நிலைத்திருக்கும் எனக் கூறுதல் அரிது. ஆயினும் வேலைநிறுத்தத்தில் ஐம்பதின்மரை உடனழைத்துச் சென்றது போன்ற ஓர் ஏற்பாடு கப்பல் நிறுவனத்தில் இல்லை என்பது குறிக்கத்தக்கது. பொருளால் பங்கேற்றல் வேறு; பொறுப்பால் பங்கேற்றல் வேறு. இவ்வேற்றுமையை 1908க்குப் பிந்தைய நிகழ்வுகள் தெளிவாக உணர்த்துகின்றன.

சிறைமீட்சியும் தென்னாப்பிரிக்கத் தமிழர் நிதியும்

1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையானார். கடற்கரையில் ஆயிரக்கணக்கில் திரண்ட மக்களுள் சிறைவாயிலுக்கு வந்தோர் மிகச் சிலரே. வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் குடியேறிய அவர் மளிகைக் கடை முதலிய சிறுதொழில்களை நடத்திக் குடும்பத்தைக் காக்க முயன்று, வறுமையில் உழன்றார்.

இக்காலத்து நிகழ்வு ஒன்று இவ்வாய்வுக்கு நேரடித் தொடர்புடையது. வ.உ.சி.யின் இடர் நீக்கத் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் நிதி திரட்டி, அதனை அவரிடம் சேர்ப்பிக்குமாறு காந்தியடிகளிடம் அளித்திருந்தனர். 1915இல் காந்தியடிகள் இந்தியா திரும்பியபின் இப்பணம் குறித்து இருவருக்கும் கடிதப் போக்குவரத்து நிகழ்ந்தது. கொடுத்தோர் பெயரும் தொகையும் உடனடியாகத் தெளிவாகாமையால் காலம் நீண்டது. தன்மானம் குன்றாமலும் தேவையை மறைக்காமலும் வ.உ.சி. மீண்டும் மீண்டும் எழுதினார். காந்தியடிகளும் மறவாது விடை எழுதி, விவரம் தேடினார். 1916 தொடக்கத்தில் 347 ரூபாய் 12 அணா வ.உ.சி.க்கு வந்து சேர்ந்தது.

கடல்கடந்து கூடிய தமிழர்கள் நல்லெண்ணத்துடன் முடிவெடுத்தனர், பணமும் திரட்டினர். ஆனால் அப்பணம் உரியவரைச் சேர்ந்ததா என உறுதிசெய்யும் ஏற்பாடு அவர்களிடம் நிலைபெற்றிருக்கவில்லை. உதவி பெறவேண்டியவரே அதனைத் தொடர்ந்து கேட்டுப் பெறவேண்டிய நிலை நேர்ந்தது. யாருடைய தவறும் இன்றியே ஒரு நன்முடிவு வழியில் தங்கிவிடும் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகிறது.

தொழிற்சங்கப் பணியும் கோவில்பட்டி வாழ்வும்

1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதனைத் தொடர்ந்து வளர்ந்த தொழிற்சங்க இயக்கத்தில் திரு.வி.க. முதலியோருடன் வ.உ.சி.யும் பங்குகொண்டார். கோரல் ஆலைப் போராட்டம் நடந்தபோது தொழிலாளருக்கு நிலையான சங்கம் இல்லை. பத்தாண்டுகளுக்குப்பின் உறுப்பினர் பட்டியல், சந்தா, நிருவாகக் குழு ஆகியன உடைய சங்கங்கள் உருவாயின. எழுச்சி தணிந்தபின்னும் நிலைத்திருக்கும் அமைப்பு என்னும் தேவை இவ்வாறு நிறைவேறத் தொடங்கியதை வ.உ.சி. தம் வாழ்நாளிலேயே கண்டார். ஒத்துழையாமைத் திட்டத்தில் கருத்து மாறுபட்டு 1920இல் அவர் காங்கிரசிலிருந்து விலகினார். கோயம்புத்தூரில் வங்கிப் பணி புரிந்த காலத்திலும் தொழிலாளர் தொடர்பை விடவில்லை.

நீதிபதி வாலஸ் உதவியால் வழக்கறிஞர் உரிமம் மீண்டும் கிடைத்தது. நன்றியறிதலாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். பின்னர்க் கோவில்பட்டியில் குடியேறி வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். ஒட்டப்பிடாரத்தில் தொடங்கிய வாழ்வு மீண்டும் கரிசல் மண்ணையே அடைந்தது. நீதிமன்றத்திற்கு வரும் மானாவாரி உழவரின் வழக்குகளும் தமிழ்நூல் ஆராய்ச்சியும் அவருடைய நாள்களை நிறைத்தன. 1927இல் சேலத்தில் நடைபெற்ற அரசியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அவ்வுரை அரசியற் பெருஞ்சொல் என்னும் பெயரில் நூல்வடிவம் பெற்றது. 1932இல் தூத்துக்குடிக்குத் திரும்பினார்.

பதிப்புப் பணியில் தொடர்பணி

சிறையிலும் அதற்குப் பின்னும் வ.உ.சி. ஆற்றிய தமிழ்ப்பணியை அவருடைய அரசியல் வாழ்விலிருந்து பிரித்துக் காண்பது மரபாக உள்ளது. செயல்முறையை நோக்கின் இரண்டும் ஒன்றே. ஜேம்ஸ் ஆலன் நூல்களைத் தழுவி மனம்போல வாழ்வு, அகமே புறம் முதலியவற்றைத் தந்தார். கண்ணனூர்ச் சிறையில் உருப்பெற்ற மெய்யறம், மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணவியல், மெய்யியல் என ஐந்து இயல்களால் ஆனது. தனிமனித ஒழுக்கத்தில் தொடங்கி இல்லறம், அரசு எனப் படிப்படியாக விரியும் அவ்வமைப்பு, பொதுமாற்றம் எங்கிருந்து தொடங்கவேண்டும் என்பதில் அவர் கொண்ட கருத்தைக் காட்டுகிறது.

திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையை 1917இல் பதிப்பித்தார். தொல்காப்பிய எழுத்ததிகாரத்திற்கு இளம்பூரணர் உரையை 1928இல் வெளியிட்டார். பொருளதிகார இளம்பூரணம் எஸ். வையாபுரிப்பிள்ளையின் துணையோடு 1930களில் வெளிவந்தது. வறுமை, இடமாற்றம், வழக்கறிஞர் தொழில் ஆகியவற்றுக்கிடையே ஓருரையைப் பல ஆண்டுகள் பகுதி பகுதியாகத் தொடர்ந்து முடித்தமை, எடுத்த செயலை இடையில் விடாத அவர் இயல்பைப் புலப்படுத்துகிறது. தாம் மட்டுமே செய்வதென்னும் பிடிவாதமின்றிப் பிற அறிஞர் துணையை ஏற்றமையும் நோக்கத்தக்கது. கப்பல் நிறுவனத்திற்கு வாய்க்காத ஒன்று இங்கு வாய்த்தது. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குச் செல்லத்தக்க வகையில் பணி அமைந்தது. ஆதலின் அது நிலைபெற்றது. இன்றும் இளம்பூரணத்தைப் பயில்வோர் அப்பணியின் பயனைத் துய்க்கின்றனர்.

1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் வ.உ.சி. மறைந்தார். அவர் விருப்பப்படி காங்கிரஸ் அலுவலகத்திலேயே இறுதிக்காலம் கழிந்தது. அகவற்பாவில் அவர் இயற்றிய சுயசரிதை 1946இல், அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப்பின் நூலாக வெளிவந்தது.

முடிவுரை

வ.உ.சி.யின் பொதுவாழ்வில் கூட்டம் ஒரு தொடக்கமாகவே கருதப்பட்டது. கூட்டத்தைத் தொடர்ந்து நெசவுச்சாலை, பண்டகசாலை, கப்பல், உடன்படிக்கை என ஒவ்வொரு முறையும் கையால் தொடத்தக்க விளைவு ஒன்றை அவர் நாடினார்.

கோரல் ஆலையில் பாதிக்கப்பட்டோரே முடிவெடுத்தனர், உடன்பாட்டின்போதும் உடனிருந்தனர். தலைவர் சிறைப்பட்டபின்னும் அவர்களால் செயற்பட முடிந்தது. கப்பல் நிறுவனத்தில் மக்களின் பங்கு பணத்தோடு நின்றது. தலைவர் அகன்றதும் அது தளர்ந்தது. தென்னாப்பிரிக்க நிதி நிகழ்வு, நல்லெண்ணமும் முடிவும் இருந்தும் பின்தொடரும் பொறுப்பு வரையறுக்கப்படாவிடில் நேரும் காலத்தாழ்வைக் காட்டுகிறது. பதிப்புப் பணி, பகிர்ந்துகொள்ளப்பட்ட உழைப்பு நிலைபெறுவதை உணர்த்துகிறது.

ஒருவரின் ஆற்றலால் தொடங்கும் செயல் பலரின் பொறுப்பாக மாறும்போதே நிறுவனம் பிறக்கிறது என்பது இவற்றால் பெறப்படும் முடிவு. வ.உ.சி. இதனை ஆலைவாயிலில் நிறைவேற்றினார். துறைமுகத்தில் நிறைவேற்றக் காலம் அவருக்கு இடந்தரவில்லை. அவருடைய சொற்பொழிவுகளும் தியாகமும் போலவே இச்செயல்முறையும் ஆராய்ச்சிக்கு உரியது. கரிசல் வட்டாரத்தின் பிற்காலக் கூட்டுறவு அமைப்புகளையும் உழவர் இயக்கங்களையும் இந்நோக்கில் ஒப்பிட்டு ஆராய்தல் தொடரவேண்டிய பணியாகும்.